சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவருக்குச் சிறுநீரகக் கல்லும் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது. பள்ளியில் படிக்கும்போது சிறுநீரகக் கல்லும் சேர்ந்துகொண்டது. கல்லைப் பற்றி நம் ஊரில் யோசனை சொல்லாதவர் கிடையாது. ஆனால் அந்த யோசனைகளில் பாதி இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, சில ஆபத்தானவை. அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிப் பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் நெஞ்சுச் சளி நோய்தானே? கிட்னிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சளி கண்ணுக்குத் தெரிகிறது; அதனால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். 7-ஆம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் இருக்கும் பிழைதான் இந்த நோய்க்கு மூலம். அந்த மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. உயிரணுக்களின் வழியே உப்பும் நீரும் போய்வருவது அதன் பொறுப்பில் இருக்கிறது. அது சரியாக வேலை செய்யாதபோது நுரையீரலில் சளி கெட்டிப்படுகிறது, கணையத்தின் குழாய்கள் அடைபடுகின்றன, வியர்வையில் உப்பு மட்டுக்கு மீறி வெளியேறுகிறது. வியர்வைச் சோதனையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் இந்த நோயாகவே கொள்கிறார்கள். பிள்ளையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று ஆச்சி சொன்னால் அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கல்லுக்கு வழி வகுப்பவை கணையமும் வியர்வையும். கல் சிறுநீரகத்தில் இருந்தாலும் கோளாறு பெரும்பாலும் குடலில்தான் தொடங்குகிறது.

குடலில் கோளாறு இருந்தால் கிட்னியில் எப்படிக் கல் வரும்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த நோயுள்ளவர்களுக்கு வரும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். ஆக்சலேட் சில கீரைகளிலும் எள், முந்திரி, வேர்க்கடலை போன்றவற்றிலும் நிறைய இருக்கிறது. உடம்பும் தானாகக் கொஞ்சம் உண்டாக்குகிறது. மற்றவர்களுக்குச் சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மலத்தோடு போய்விடும். கணைய நீர் போதாத பிள்ளைகளுக்குக் கொழுப்பு செரிக்காமல் குடலில் தங்குகிறது. அந்தக் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாக மாறுகின்றன. உவமைக்குச் சொல்லவில்லை, வேதியியல்படியே அது சோப்புதான். கால்சியம் அங்கே செலவாகிவிட்டதால் ஆக்சலேட்டைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. பெருங்குடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது, இரத்தம் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகிறது, அங்கே அது கால்சியத்தைச் சந்தித்துப் படிகமாகிறது.

இன்னும் மூன்று காரணங்கள் கூடவே வருகின்றன. ஆக்சலேட்டையே உணவாகக் கொள்ளும் ஆக்சலோபாக்டர் என்ற பாக்டீரியா பலரின் குடலில் வாழ்கிறது. நுரையீரல் தொற்றுக்காக அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுக்கும் பிள்ளைகளிடம் அது அழிந்துவிடலாம். இவர்களில் பலருக்குச் சிறுநீரில் சிட்ரேட் குறைவு; சிட்ரேட் என்பது கல் சேராமல் தடுக்கும் பொருள். வியர்வையில் நீரும் உப்பும் போவதால் சிறுநீரின் அளவும் குறைந்து கெட்டியாகிவிடுகிறது.

ஆகவே மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், நாற்றம் அதிகமாக இருந்தால், அதை வயிற்றுப் பிரச்சினை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கணைய நீருக்குப் பதிலாகச் சாப்பாட்டோடு கொடுக்கும் என்சைம் மாத்திரை போதவில்லை என்று பொருள். கல்லுக்கான ஆக்சலேட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டாக்டர் கொடுத்த தாளில் உப்பைக் குறை என்று இருக்கிறது. குறைக்கலாமா?

எங்களுக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்படி ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். உப்பைக் குறை, பாலைக் குறை, கொழுப்பைக் குறை என்று அச்சடித்திருந்தது. கல் வரும் மற்ற எல்லோருக்கும் எழுதிய தாள் அது. உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியம் அதிகம் இறங்கும் என்பது உண்மை; அதனால் சாதாரணக் கல் நோயாளிக்கு அந்த யோசனை சரி.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு உப்பு சிறுநீரில் போவதைவிட வியர்வையில் போவதுதான் கவலை. சித்திரையில் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் என் மகனின் நெற்றியிலும் சட்டைக் காலரிலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும்; விரலால் தேய்த்தால் உதிரும். அந்த உப்பைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இரத்தத்தில் சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் இறங்கிவிடும். சோர்வு, வாந்தி, தசைப்பிடிப்பு, மயக்கம் என்று போகும். கைக்குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. உப்பு குறைந்தால் உடம்பில் நீரும் நிற்காது, சிறுநீரும் குறையும். ஆகக் கல்லைத் தடுப்பதற்காக உப்பை நிறுத்தினால் கல்லுக்கே வசதி செய்து கொடுத்ததாகும்.

வள்ளியூர், ராதாபுரம், ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காற்றாலை சுற்றும் ஆனி, ஆடிக் காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். உடம்பு நனையவில்லை, அதனால் வியர்க்கவில்லை என்று நினைப்போம். தோலை நக்கிப் பார்த்தால் தெரியும்.

எவ்வளவு உப்பு என்பதை வயது, எடை, வெயில், வேலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கூடுதலா குறைவா என்று சந்தேகம் இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊகத்தில் சண்டை போட வேண்டிய அவசியம் இல்லை. அதுவரை கல்லிடைக்குறிச்சி அப்பளமும் மோர் மிளகாயும் எங்கள் வீட்டில் தடை செய்யப்படவில்லை.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

குடிக்கும் அளவைவிட வெளியேறும் அளவுதான் கணக்கு. கல் உள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிக்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது சிறுநீரக மருத்துவர்கள் சொல்லும் இலக்கு. நம் கோடையில் அதற்கு மூன்று, நான்கு லிட்டர்கூடத் தேவைப்படும். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துக் குறையும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

தாகம் எடுக்கும்போது குடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது. சாதாரணமாக வியர்க்கும்போது நீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் போவதால் இரத்தத்தில் உப்படர்த்தி ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் தாகத்தைக் கிளப்புகிறது. இவர்களுக்கு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் உடம்பு வறண்டாலும் தாகம் அவ்வளவாக எடுக்காது. கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கப் பழக்குங்கள். இரவு படுக்கும் முன்பும் ஒரு தம்ளர் குடிக்கட்டும். சிறுநீர் மிகவும் கெட்டியாவது இரவில்தான்.

வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறு. உப்பு இல்லாமல் நீர் மட்டும் ஏறினால் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், கஞ்சி, உப்பிட்ட எலுமிச்சைச் சாறு என்று கலந்து கொடுங்கள். எலுமிச்சை எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. சாற்றில் சிட்ரேட், கூடவே போடும் உப்பில் சோடியம். இரண்டு நோய்க்கும் ஒரே தம்ளர். புளியங்குடி எலுமிச்சை பக்கத்தில் விளைகிறது, பிறகென்ன. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் அப்படித்தான்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் இருக்கின்றன. பொட்டலத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானம் வேறு.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நல்லதுதான், ஆனால் உப்புக்கு மாற்று ஆகாது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதநீரில் சர்க்கரை அதிகம். இந்த நோயோடு வரும் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு குடிக்கவும்.

எங்கள் ஊர் உவர்த் தண்ணீரால்தான் கல் வந்தது என்கிறார்கள். கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா?

திசையன்விளைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் தண்ணீரைத்தான் திட்டுகிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையைவிடக் குடிக்கும் அளவுதான் கல்லைத் தீர்மானிக்கிறது. எந்தத் தண்ணீர் வாய்க்குப் பிடித்து நிறைய இறங்குகிறதோ அதைக் கொதிக்கவைத்து ஆற்றியோ வடிகட்டியோ கொடுங்கள்.

கல்லில் கால்சியம் இருக்கிறதே, பாலையும் தயிரையும் நிறுத்திவிடலாமா?

கூடாது. குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வைக்க வேண்டியதே அந்தக் கால்சியம்தான். அதை நிறுத்தினால் ஆக்சலேட் இன்னும் அதிகமாக ஏறும். இந்தப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறைவும் எலும்புத் தேய்மானமும் வேறு உண்டு.

பாலோ தயிரோ சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் சாப்பாட்டு நேரத்திலேயே கொடுக்கலாமா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் தனியாகப் போட்டால் ஆக்சலேட்டைச் சந்திக்காமலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

சொதி, அல்வா, உளுந்தஞ்சோறு எல்லாம் சாப்பிடலாமா?

நெல்லைக்காரர்களின் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும்.

சொதிக்குத் தடை இல்லை. தேங்காய்ப் பாலின் கொழுப்பு இவர்களுக்கு வேண்டிய கலோரி. இந்த நோயில் மூச்சு விடுவதற்கே அதிக சக்தி செலவாகிறது. கொழுப்பைக் குறைத்தால் எடை இறங்கும், எடை இறங்கினால் நுரையீரலும் தளரும். கொழுப்பைக் குறைப்பதற்குப் பதில் அதைச் செரிக்க வைக்க வேண்டும். சொதிச் சாப்பாட்டுக்கு வெறும் ரசம் சோற்றைவிட அதிக என்சைம் தேவைப்படும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 500 முதல் 2,500 லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) அலகு வரை, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000-ஐத் தாண்டாமல் என்பது வழக்கமான வரம்பு. அதற்குள் உங்கள் பிள்ளையின் அளவை மருத்துவரோ உணவியல் நிபுணரோ பிரித்துக் கொடுப்பார்கள். முதல் கவளத்தோடு போட வேண்டும். சாப்பாடு நீண்டால் நடுவிலும் போடலாம். கல்யாணப் பந்தியில் வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை விழுங்காமல் விடும் வயதுப் பிள்ளைகளைக் கண்காணியுங்கள். காப்ஸ்யூலை வண்டிப் பெட்டியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். நம் வெயிலில் அதன் வீரியம் குறையும். விழுங்கியும் பயன் இருக்காது.

அல்வாவும் அப்படியே. கோதுமைப் பாலும் நெய்யும் கல்லை உண்டாக்குவதில்லை. நெய் செரிக்காமல் போனால்தான் வம்பு. என்சைமோடு சாப்பிடட்டும். நீரிழிவு இருந்தால் சர்க்கரைக் கணக்கு தனி.

உளுந்தஞ்சோற்றில் பிரச்சினை எள்ளுத் துவையலில் இருக்கிறது. எள்ளில் ஆக்சலேட் அதிகம். எடை கூட வேண்டும் என்று பாதாம், முந்திரி, கடலைமிட்டாய் என்று நாள் முழுவதும் கொறிக்கக் கொடுக்கும் பழக்கம் இந்த நோய் உள்ள வீடுகளில் உண்டு, அதுவும் ஆக்சலேட்தான். பசலை, சிறுகீரை, தண்டுக்கீரை, சேம்பு, சேனை, பீட்ரூட், கடுந்தேநீர் ஆகியவையும் இந்தக் கூட்டம். முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைத்தால் கரையும் ஆக்சலேட் கணிசமாகப் போய்விடும். எள்ளுத் துவையல் வைத்தால் பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் வைக்கலாம். கொறிப்பதற்குப் பொரிகடலை, பனீர், முட்டை, நெய் ஊற்றிய ஆப்பம் என்று மாற்றிக் கொடுக்கலாம். சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி, முட்டைக்கோஸ் ஆகியவற்றால் தொந்தரவு இல்லை.

வைட்டமின் சி மாத்திரை சளிக்கு நல்லதுதானே?

வேண்டாம். மருந்துக் கடையில் மிட்டாய் போல விற்கும் 500 மில்லிகிராம் மாத்திரைகளை நாளுக்கு இரண்டு, மூன்று என்று கொடுக்காதீர்கள். மிஞ்சும் வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது. பழத்தில் வருவது போதும்.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்காதா? சித்த மருந்து கொடுக்கலாமா?

களக்காட்டுப் பக்கம் வாழை விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வாழைத்தண்டு வேண்டாம் என்று சொன்னால் என் மாமியாரே என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார். பொரியலாகவோ மோர் சேர்த்த சாறாகவோ சாப்பிடட்டும். நீரும் நாரும் உடம்புக்கு நல்லவை. ஆனால் கால்சியம் ஆக்சலேட் கல்லை வயிற்றுக்குள் போகும் எதுவும் கரைத்துவிடுவதில்லை. ஆங்கில மருந்தும் கரைப்பதில்லை. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். சாறு குடித்தபின் கல் விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சிறிய கற்கள் எதையும் குடிக்காமலேயே விழும். நிறைய நீர் குடித்தால் விழ வாய்ப்பு இன்னும் கூடும்.

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லடைப்புக்கு அங்கே போகிறவர்கள் நிறைய. போவதானால் முறையாகப் படித்த மருத்துவரிடம் போங்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருப்பதையும் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள், அவர் கொடுப்பதை உங்கள் நுரையீரல் மருத்துவரிடமும் காட்டுங்கள். பெயர் எழுதாத பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நுரையீரல் தொற்றுக்குக் கொடுக்கும் ஊசிகளே சிறுநீரகத்துக்குச் சுமை. அதன் மேல் என்ன உலோகம் சேர்கிறது என்று தெரியாமல் போகக் கூடாது.

பீர் குடித்தால் கல் போகும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மது உடம்பை வறட்டும். இந்த நோயில் கல்லீரலும் கணையமும் ஏற்கெனவே அடி வாங்கியவை. விவாதமே இல்லை.

வயிற்றுவலி வந்தால் கல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்தபடி உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட வேண்டியவை எவை என்று தெரிந்திருந்தால் மருத்துவரிடம் சரியாகச் சொல்லலாம்.

கல் வலி பெரும்பாலும் விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். அலை அலையாக வரும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் நிலைகொள்ளாமல் பிள்ளை புரளும். குமட்டல் இருக்கும், சிறுநீர் சிவக்கலாம்.

இந்த நோய்க்கே உரிய குடல் அடைப்பு ஒன்று உண்டு. சிறுகுடலின் கடைப்பகுதியில் மலமும் கெட்டிச் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அந்த வலி வலது அடிவயிற்றில் முறுக்கிப் பிடிக்கும், வயிறு உப்பும், மலம் குறையும் அல்லது நின்றுவிடும், சிலருக்குத் தொட்டால் கட்டியாகத் தட்டுப்படும். பச்சை வாந்தி வந்தால் உடனே கிளம்ப வேண்டும். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் அதைக் குடல்வால் அழற்சி என்றோ கல் என்றோ நினைக்கக்கூடும். ஆகவே நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். என்சைமைத் தவறவிடுவதும் நீர் வறட்சியும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். கணையம் ஓரளவு வேலை செய்யும் நோயாளிகளுக்கு அது வரலாம்.

கல் வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீரே வராமல் இருப்பது, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, அரைமயக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பாமல் நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போங்கள்.

வலிக்கு உடனே ஒரு ஊசி போடுகிறார்களே, அதைப் போடலாமா?

கல் வலிக்கு வழக்கமாகப் போடுவது டைக்குளோஃபினாக். நல்ல மருந்துதான். ஆனால் பிள்ளை வறண்டு போயிருந்தாலோ, அமிக்காசின், டோப்ராமைசின், கொலிஸ்டின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் அண்மையில் ஏறியிருந்தாலோ, அது சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். டிரமடால் வகை மருந்துகள் குடலை மந்தமாக்கும். மேலே சொன்ன குடல் அடைப்பை அது வரவழைக்கலாம். எதைக் கொடுப்பது என்பது மருத்துவரின் முடிவு. ஆனால் இந்த இரண்டு விவரங்களும் அவர் காதில் விழுந்த பிறகுதான் ஊசி ஏற வேண்டும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். மெலிந்த பிள்ளைகளுக்குத் தசை குறைவு என்பதால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் சாதாரணமாகவே தெரியலாம். பழைய அறிக்கைகளைக் கொண்டுபோனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை அவசியமா? எப்படிச் சேகரிப்பது?

அவசியம் என்றே நான் சொல்வேன். அளவு, ஆக்சலேட், சிட்ரேட், கால்சியம், யூரிக் அமிலம், சோடியம் என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். யாருக்கு எது கோளாறு என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

காலையில் எழுந்து கழிக்கும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பகல், இரவு கழிப்பது அனைத்தையும் ஆய்வகம் தரும் கேனில் சேருங்கள். மறுநாள் அதே நேரத்தில் கழிக்கும் முதல் சிறுநீரோடு கணக்கு முடியும். கேனுக்குள் அமிலம் ஊற்றிக் கொடுத்திருந்தால் நேராக அதில் கழிக்கக் கூடாது. தனி மக்கில் பிடித்து ஊற்ற வேண்டும். ஒரு தடவை மறந்து வெளியே விட்டாலும் கணக்குத் தப்பாகும். மறைக்காமல் ஆய்வகத்தில் சொல்லி மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள். பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமை தோது. ஆனால் அன்று மட்டும் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு நிறையக் குடித்துவிட்டு நல்ல எண்ணைக் காட்டினால் யாருக்கு லாபம்? வழக்கம்போல் இருக்கட்டும்.

கல் விழும் நாட்களில் டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கிச் சிறுநீரை வடித்துப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தது உடைத்த கருப்பட்டித் துணுக்கு போல, பழுப்பாக, ஓரமெல்லாம் முள்ளாக இருந்தது. கேழ்வரகு மணிக்கு மேல் பெரிதில்லை. இவ்வளவுக்கா அந்தப் பாடு என்று மகன் கேட்டான். அதைத் தூக்கிப் போடாமல் காயவைத்துச் சிறு டப்பாவில் ஆய்வகத்துக்குக் கொடுத்தால் எந்த வகைக் கல் என்று சொல்லிவிடுவார்கள்.

பொட்டாசியம் சிட்ரேட் எதற்கு? மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா?

சிறுநீரில் சிட்ரேட்டைக் கூட்டுவதற்கு. நீர்த்துக் குடித்தால் வயிற்றெரிச்சல் குறையும். இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். ஒரு விஷயத்தை நினைவுபடுத்துங்கள்: அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும்; அப்படி இருக்கும்போது சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிட்டால் அந்த மருந்தே சிறுநீரில் படிகமாகலாம். சிப்ரோஃபிளாக்சசினைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் ஏறாது; இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் சில குழந்தைகளுக்குக் கல்லை உண்டாக்குவது உண்டு. இரண்டு மருத்துவர்கள் இரண்டு சீட்டு எழுதும் வீட்டில் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

கல்லை எடுக்க வேண்டும் என்றால்?

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாக விழும். பெரியவற்றுக்கு அதிர்வலையால் உடைப்பது, சிறுநீர்ப்பாதை வழியே குழாய் விட்டு எடுப்பது, முதுகில் சிறு துளையிட்டு எடுப்பது என்று வழிகள் உண்டு. எது என்பதை அளவும் இடமும் தீர்மானிக்கும். முதல் பரிசோதனைக்கு ஸ்கேன் என்றால் அல்ட்ராசவுண்டு போதுமா என்று கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் நெஞ்சுக்காக ஏற்கெனவே எத்தனையோ முறை கதிர்வீச்சில் நின்றவர்கள்.

சாதாரண நோயாளிக்குத் தேவைப்படாத இரண்டு ஏற்பாடுகள் இங்கே வேண்டும். ஒன்று, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பது. கொழுப்பு செரிக்காதவர்களுக்கு வைட்டமின் கே குறையும். குறைந்தால் இரத்தம் நிற்காது. இரண்டு, மயக்க மருந்து. நுரையீரல் திறன் சோதனையும் சளிக் கல்ச்சர் அறிக்கையும் மயக்க மருந்து நிபுணரின் கைக்குப் போக வேண்டும். அறுவைக்கு முன்பும் பின்பும் சளி எடுக்கும் பிசியோதெரபி நிற்கக் கூடாது; முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். பட்டினி கிடக்கும் நேரத்தில் உப்புநீர் நரம்பில் ஏற வேண்டும்.

டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தால் அதை எடுக்கும் தேதியை நாள்காட்டியில் எழுதுங்கள். வலி போய்விட்டது என்று மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மறந்த குழாயின் மேலேயே கல் படியும்.

செலவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைச் சேர்க்கையின்போதே காட்டுங்கள். உங்கள் சிகிச்சை அதில் வருகிறதா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். என்சைம் காப்ஸ்யூல்தான் மாதம் தவறாத செலவு. அதில் மிச்சம் பிடிப்பது கல்லில் போய் முடியும்.

அத்தை மகனைக் கட்டியதால்தான் வந்தது என்கிறார்கள். உண்மையா?

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் மணம் முடித்தால் இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு கூடும். அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இதில் எதுவும் இல்லை; பிழையில் பாதி தந்தையின் பக்கத்திலிருந்து வந்தது என்பதை மதினிமாருக்கு நினைவூட்டலாம். நோயில்லாத அண்ணனோ தங்கையோ மரபணுவைச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்களுக்குச் சொந்தத்தில் சம்பந்தம் பேசும் முன் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

பள்ளி, கல்லூரி, பஸ் பயணம் எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு நம் ஊரில் பெரிய காரணம் கழிப்பறை. வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் ஏறினால் வேலூர் வரை இறங்க முடியாது என்று பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், முதல் நாள் மாலையிலேயே குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பரிசோதனைக்குப் போகும் பயணமே கல்லுக்கு விதை போடுகிறது. முடிந்தவரை ரயிலில் போங்கள். பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தோடு போய், வகுப்பிலும் தேர்விலும் தண்ணீர்ப் பாட்டிலும் கழிப்பறை அனுமதியும் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். விளையாட்டுப் பீரியடை நிறுத்த வேண்டாம். ஓடுவது நுரையீரலுக்கு நல்லது. ஓடியபின் உப்பிட்ட எலுமிச்சைச் சாறு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு முறை போன கல் மறுபடியும் வருமா?

வரலாம். கல் வந்த எல்லோரிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் திரும்ப வருகிறது. இவர்களுக்குக் காரணம் உள்ளேயே நீடிப்பதால் கவனம் கூடுதலாக வேண்டும். வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேன் எடுக்கலாமா என்று வழக்கமான பரிசோதனையின்போது கேளுங்கள். ஆக்சலேட் நீண்ட நாள் மிகுந்திருந்தால் கல் இல்லாமலேயே சிறுநீரகத் திசுவில் படிந்து அதைப் பழுதாக்கவும் முடியும்.

அவசரத்தில் எல்லாவற்றையும் விளக்க நேரம் இருக்காதே?

நாங்கள் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து மகனின் பணப்பையில் வைத்திருக்கிறோம். ஒரு பிரதி அவனுடைய விடுதி நண்பனிடமும் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துப் பெயர்களை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்:

“எனக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கிறது, சிறுநீரகக் கல்லும் இருந்திருக்கிறது. வயிற்றுவலி என்றால் கல், குடல் அடைப்பு இரண்டையும் பாருங்கள். வியர்வையில் உப்பை இழப்பவன். சோடியம், பொட்டாசியம், குளோரைடு பார்க்கவும். உப்பு, பால், கொழுப்பு ஆகியவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அண்மையில் ஏறிய ஆன்டிபயாடிக் ஊசிகள் பின்பக்கம் எழுதப்பட்டுள்ளன. டைக்குளோஃபினாக், டிரமடால் கொடுக்கும் முன் அதைப் படிக்கவும். அறுவை என்றால் முதலில் இரத்தம் உறையும் நேரம் பார்க்கவும். சாப்பிடக் கொடுத்தால் என்சைம் காப்ஸ்யூல் என் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது.”